மாமியைக் கவனிக்கும் நேரமும் தொழுகையும்

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் மாமியைக் கவனிப்பது நான்தான். போன ரமலானில் இரவுத் தொழுகையான தராவீஹ் தொழவே முடியவில்லை. குர்ஆனும் பாதியில் நின்றுவிட்டது. மற்ற பெண்கள் முழுசாக ஓதி முடித்ததைச் சொல்லும்போது, என் ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துகொண்டே போகிறதோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் ஈமான் குறையவில்லை. தராவீஹ் சுன்னத்தான (நபிவழியில் விரும்பித் தொழும்) தொழுகை, ஃபர்ளு (கட்டாயக் கடமை) இல்லை. எழுந்திருக்க முடியாதவரைத் தனியே விட்டுவிட்டு அதற்குப் போயிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

தொழுகைக்குள்ளேயே இரக்கத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, பாருங்கள். நீளமாகத் தொழவைக்கலாம் என்று தொடங்கிய நபிகள் நாயகம் (ஸல்), ஒரு குழந்தை அழுவது கேட்டால் சுருக்கி முடித்துவிடுவார்கள். தாய் தவித்துப்போவாளே என்பதுதான் காரணம். நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கிறது இந்த ஹதீஸ். அல்லாஹ்வின் முன்னால் நிற்கும்போதே அடுத்தவர் சிரமத்தைக் காதில் வாங்கச் சொல்லும் மார்க்கம், நீங்கள் மாமியின் உடம்பைத் துடைத்துவிடும் நேரத்தையா வீண் என்று சொல்லும்?

குர்ஆனில் என்னை அதிகம் உலுக்குவது 107ஆவது அத்தியாயம், அல்மாஊன். ஏழே வசனங்கள். அநாதையை விரட்டுகிறவனையும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் நியாயத் தீர்ப்பைப் பொய்ப்பிக்கிறவன் என்கிறது. அப்புறம் எச்சரிக்கை தொழுகிறவர்கள் பக்கமே திரும்புகிறது. தொழுகையில் அலட்சியமாக இருந்துகொண்டு, பிறர் பார்க்கத் தொழுது, சாதாரணப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களுக்குக் கேடு என்கிறது. எந்தப் பொருள்? சட்டி, வாளி, கோடரி என்று விளக்கம் சொன்னவர்கள் உண்டு. பக்கத்து வீட்டில் இரவல் கேட்கிற சாமான்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தாய்க்குப் பணிவிடை செய்யும் கடமை முதலில் மகனுக்குத்தான். நபிகள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, வீட்டாருக்கான வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றார்கள் அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி). இதுவும் புகாரியில்தான். வரும் ரமலானில் சில இரவுகளாவது உங்கள் கணவர் தன் அம்மாவின் பக்கத்தில் உட்காரட்டும், நீங்கள் தொழுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

மாமியால் இனி நோன்பு வைக்க முடியாதென்றால், ஒரு நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு என்று ஃபித்யா கொடுக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்று அவரிடமே கேளுங்கள். ஊரில் யார் வீட்டில் கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.