வாயேஜர் கனவுக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள்

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், எந்நேரமும் நாசாவின் வாயேஜர் விண்கலத்தைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு ஏரோஸ்பேஸ்தான் வழி என்று அவள் தாய்மாமா தனியார் பல்கலைக்கழகத்தில் சீட்டுக்கு முன்பணமும் கட்டிவிட்டார், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதற்றம் புரிகிறது சார். ஆனால் வாங்காதீர்கள்.

வாயேஜர் 1-ஐ ஏவிய ராக்கெட்டின் வேலை 1977லேயே முடிந்துவிட்டது. 2012ல் அது சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள்களின்) எல்லையைத் தாண்டியது நமக்குத் தெரிந்ததும், இன்றும் நம்மோடு பேசுவதும் ரேடியோக்காரர்களின் புண்ணியம். அதன் டிரான்ஸ்மிட்டருக்கு ஃபிரிட்ஜ் பல்பு அளவுக்குத்தான் சக்தி, இருபது வாட் சொச்சம். கிளம்பிய சிக்னல் இங்கே வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெராவில் உள்ள நாசாவின் ராட்சத டிஷ் ஆன்டெனாக்கள் அதைப் பொறுக்கி எடுக்கின்றன. 2023 நவம்பரில் ஒரு மெமரி சிப் கெட்டுப்போய் விண்கலம் உளற ஆரம்பித்தது. அந்தச் சிப்பில் இருந்த புரோகிராமைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு இடங்களில் ஏற்றி, 2024 ஏப்ரலில் அதை மறுபடி பேச வைத்தார்கள்.

பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று குறைபட்டு எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சார் அவள் போக்கு. மாமாவுக்கு அது கண்ணில் படவில்லை.

அரசு பாலிடெக்னிக்கில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) டிப்ளமோ பாருங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவர்கள் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருடம், மாமா சொல்லும் கட்டணத்தில் ஒரு துளிதான் செலவு. பெங்களூரு அருகே பயலாலுவில் இஸ்ரோவுக்கு 18, 32 மீட்டர் ஆன்டெனாக்கள் இருக்கின்றன. சந்திரயான், மங்கள்யானோடு அவை பேசியிருக்கின்றன. இஸ்ரோவில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்குக் கேட்பது முதல் வகுப்பு டிப்ளமோ. எழுத்துத் தேர்வு, அப்புறம் கைவேலையைப் பார்க்கும் ஸ்கில் டெஸ்ட். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். இடங்கள் குறைவு, போட்டி கடுமை, அதை மறைக்க மாட்டேன். கிடைக்காவிட்டால் டிப்ளமோவோடு பிஇ இரண்டாம் ஆண்டில் சேர்ந்துகொள்ளலாம், கதவு எதுவும் மூடவில்லை. இடையில் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது) லைசென்ஸ் தேர்வையும் எழுதட்டும். 12 வயது நிரம்பியிருந்தாலே போதும்.

மாமா நாசா என்பார். அங்கே நேரடிப் பணிக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள் என்று சொல்லுங்கள். கட்டிய முன்பணம் திரும்ப வருமா என்று இந்த வாரமே கேளுங்கள். வராவிட்டாலும் போகட்டும், பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.