எஸ்ஓஎஸ்னு எழுதியிருந்தா பயப்படணுமா?

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. டாக்டர் சீட்டுல மூணு மாத்திரை, ஒண்ணுக்கு ஏசி, ஒண்ணுக்கு பிடி, கடைசி வலி மாத்திரைக்கு எஸ்ஓஎஸ்னு போட்டிருக்கு. எஸ்ஓஎஸ்னா ஆபத்தாச்சேன்னு அம்மா பயந்துபோய் அதைத்தான் ஒரு வாரமா மூணு வேளையும் விடாம போடுறாங்க. இதுக்கெல்லாம் என்னதாங்க அர்த்தம்?
- வாசகி, தேனி

பதில்: கப்பல் முழுகுறப்ப அனுப்புற எஸ்ஓஎஸ் வேற, இது வேறம்மா. இது லத்தீன், 'சி ஓபுஸ் சிட்', அதாவது தேவைப்பட்டா மட்டும். வலிச்சா போடணும், வலிக்கலேன்னா அட்டைய அப்படியே வச்சிடணும். வலி மாத்திரைய தேவையில்லாம தினமும் போட்டா வயித்துல புண்ணு வரும், கிட்னியும் அடி வாங்கும். ஒரு வாரமா போட்டிருக்காங்கன்னு டாக்டருக்கு ஒரு போன் போட்டு சொல்லிடுங்க, சுகர் பிரஷர் இருந்தா கட்டாயம் சொல்லணும்.

ஏசின்னா சாப்பாட்டுக்கு முன்னாடி, பிசின்னா சாப்பிட்ட அப்புறம். ஓடி தினம் ஒருவேளை, பிடி ரெண்டு, டிடிஎஸ் மூணு, ஹெச்எஸ் ராத்திரி படுக்கப் போறப்ப. இதுல ஓடிதான் பெரிய வில்லங்கம், ஏன்னா கண் டாக்டர் சீட்டுல ஓடின்னா வலது கண்ணு, ஓஎஸ்னா இடது கண்ணு! எங்க பெரியம்மா ஓடின்னு பாத்துட்டு தினம் ஒருதரம்தான்னு நெனச்சு ரெண்டு கண்ணுலயும் சொட்டு விட்டுக்கிட்டு இருந்தாங்க, நாலு நாள் கழிச்சுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. காலைல ஒண்ணு, மத்தியானம் இல்ல, ராத்திரி ஒண்ணுங்கிறத 1-0-1னு எழுதுற டாக்டருங்களுக்கு கோடி புண்ணியம். உங்க டாக்டர் அப்படி எழுதலேன்னா மெடிக்கல் ஷாப்லயே காலைல, ராத்திரின்னு கவர் மேல தமிழ்ல எழுதித் தரச் சொல்லுங்க, கேக்குறதுக்கு கூச்சமே வேணாம்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு வெறும் வயித்து சுகர் 98, ஆனா ஹெச்பிஏ1சி 7.1. எதை நம்புறது?
- வாசகி, கரூர்

பதில்: ரெண்டுமே நிஜம்தான். 98ங்கிறது அன்னிக்கு காலைல ஊசி குத்துன நிமிஷத்து கணக்கு. ரத்தத்துல இருக்குற சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அதுக்குள்ள இருக்குற ஹீமோகுளோபின்ல சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாக்குறதுதான் ஹெச்பிஏ1சி, அதனால ரெண்டு மூணு மாசத்து சராசரி தெரிஞ்சிடும். 5.7க்கு கீழ நார்மல், 6.5லேர்ந்து சர்க்கரை நோய்னு கணக்கு. டெஸ்டுக்கு முந்தின மூணு நாள் ஸ்வீட்ட தொடாம இருந்து வெறும் வயித்து சுகர வேணா குறைச்சுக் காட்டலாம், இங்க அந்த பாச்சா பலிக்காது, தீபாவளிக்கு உள்ள போன அதிரசம் பொங்கல் வரைக்கும் சாட்சி சொல்லும். ஆனா அவருக்கு ரத்தசோகை இருந்தா இந்த நம்பர் கூடவோ குறைவாவோ தப்பா காட்டலாம், அதனால ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் சேத்து எடுத்துட்டுப் போங்க, அநேகமா இன்னொரு தடவை எடுத்துப் பாத்துட்டுதான் மருந்து ஆரம்பிப்பாங்க.