ஒன்னும் இல்லன்னாலும் எழுதுங்க: மரம் பாக்கறவங்க கேட்ட கேள்விகள்

நான் காட்பாடி பக்கம். வீட்டு வாசல்ல ஒரு வேம்பு, தெருமுனையில ஒரு சரக்கொன்றை, ரெண்டையும் ஆறு வருஷமா வாராவாரம் பாத்து சீசன்வாட்ச்ல போட்டுட்டு வரேன். போன வாரம் இதப்பத்தி சொன்னதும் நிறைய பேரு கேள்வி அனுப்பிட்டீங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

அண்ணா, சீசன்வாட்ச்னா இன்னா? காசு கட்டணுமா?

காசெல்லாம் இல்லப்பா. 2010ல ஆரம்பிச்ச திட்டம், நாடு முழுக்க சாதாரண ஜனங்களே மரத்த பாத்து இலை, பூ, காய் எப்ப வருது எப்ப போவுதுன்னு பதிவு பண்றது. கேரளாவுல ஸ்கூல் பசங்கதான் இதுல கில்லாடி, நம்ம பக்கம் ஆளு கம்மி. ஒரு மரத்த புடிச்சுக்க, போன்ல ஆப்ப போட்டு அந்த மரத்த சேத்துடு, வாரத்துக்கு ஒருதபா ரெண்டு நிமிஷம் நின்னு பாரு. அவ்ளோதான்.

"கொஞ்சம்", "நிறைய"ன்னு கேக்குது சார், பூவ எண்ணவா முடியும்?

எண்ணாதீங்க. கொஞ்சம் தள்ளி நின்னு மொத்த மரத்தையும் மூணு பங்கா நினைச்சுக்குங்க. ஒரு பங்குக்கு கம்மின்னா கொஞ்சம், அதுக்கு மேலன்னா நிறைய. நான் ஆரம்பத்துல கீழ கொட்டிக் கிடக்கற பூவ பாத்து "நிறைய"ன்னு போட்டுட்டேன், மேல பாத்தா நாலு கொத்துதான் மிச்சம். தரைய பாக்காதீங்க, மரத்த பாருங்க.

இதவிட பெரிய குழப்பம் இலை நிறம். அரசமரத்துல செம்பு கலர்ல மினுமினுன்னு இருந்தா அது துளிர். ஆனா நாட்டு வாதுமைல, அதான் நாம பாதாம் மரம்னு சொல்றோமே, அதுல இலை சிவப்பா ஆச்சுன்னா விழப் போவுதுன்னு அர்த்தம். ஒரே சிவப்பு, அங்க பொறப்பு, இங்க சாவு. தொட்டுப் பாருங்க, துளிர் மெத்துனு இருக்கும், பழுத்தது வெறப்பா இருக்கும்.

நாலு வாரமா என் புளியமரத்துல ஒரு மாத்தமும் இல்ல. அப்பவும் போடணுமாக்கா?

(அக்கா இல்ல, அண்ணன்!) கண்டிப்பா போடணும்மா. எல்லாரும் விடறது இங்கதான். பூத்த அன்னிக்கு மட்டும் போட்டோ எடுத்து போட்டா, அது அன்னிக்கே பூத்துதா, பத்து நாளா பூத்துக் கிடந்து நீ அன்னிக்குதான் பாத்தியான்னு யாருக்குத் தெரியும்? முந்தின வாரம் "பூ இல்ல", இந்த வாரம் "கொஞ்சம்"னு இருந்தாதான் ஆரம்பம் எப்பன்னு தெரியும். அந்த "இல்ல"தான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு தங்கம்.

சரக்கொன்றை சித்திரைக்கு முன்னாடியே பூக்குது, எல்லாம் க்ளைமேட் சேஞ்ச்தானே சார்?

அவசரப்படாதீங்க. ஒரு மரம், ஒரு வருஷம் வச்சு சொல்ல முடியாது. போன மழை எப்படி, வேர் பக்கத்துல சாக்கடைக்கு தோண்டினாங்களா, இதெல்லாமும் இருக்கு. ஜப்பான்ல கியோட்டோ ஊர்ல செர்ரி பூ பூக்கற தேதிய ஆயிரத்து இருநூறு வருஷ குறிப்புல இருந்து தேடி எடுத்துருக்காங்க, அதனாலதான் அங்க முன்னாடி பூக்குதுன்னு தெம்பா சொல்றாங்க. நம்ம கிட்ட பாட்டி சொன்னதுதான் இருக்கு, எழுதி வச்சது இல்ல. அப்புறம் கொன்றைல ஒரு விஷயம், காய் முத்த ஏறக்குறைய வருஷம் ஆவும், அதனால போன வருஷ கருப்பு காயும் இந்த வருஷ பூவும் ஒண்ணாவே தொங்கும். ரெண்டையும் போடுங்க.

எங்க குடியாத்தத்துல வேப்பமரம் நுனியெல்லாம் கருகிப் போச்சு. இலையுதிர்ச்சின்னு போடலாமா?

அது வேற. வேம்பு சாதாரணமா தை, மாசியில மஞ்சளாகி கொட்டும், உடனே துளிர்த்து பங்குனி சித்திரைல பூக்கும், வருஷப்பொறப்பு பச்சடிக்கு சரியா வந்துடும். மழைக்காலம் முடியறப்ப கிளை நுனி மட்டும் தீஞ்ச மாதிரி ஆனா அது நோய். தேயிலைக் கொசுன்னு சாறு உறிஞ்சுற பூச்சி, கூடவே ஒரு பூஞ்சை. பயந்து வெட்டிடாதீங்க, பெரும்பாலும் வெயில் காலத்துல திரும்ப துளிர்த்துக்கும். பழுத்து விழறதோட இத கலக்காம தனியா குறிப்பு எழுதி வைங்க.

ஆலமரம் எப்ப சார் பூக்கும்? நான் பாத்ததே இல்ல.

யாரும் பாக்க முடியாது, பூ அந்த "காய்"க்குள்ளயே இருக்கு. குட்டி குளவி ஒண்ணு உள்ள பூந்து மகரந்தம் சேக்கும். காய மட்டும் பாருங்க.

நான் பாத்துட்டிருந்த புங்கமரத்த கரண்ட் கம்பிக்காக பாதி வெட்டிட்டாங்க. எல்லாம் வேஸ்ட்டா?

அய்யோ. எனக்கும் ஒரு பூவரசு இப்படி போச்சு, ரெண்டு நாள் சோறு இறங்கல. வெட்டின தேதிய எழுதிடுங்க, ஏன்னா வெட்டின இடத்துல காலமில்லாத காலத்துல துளிர் வரும், தேதி இல்லன்னா பருவம் மாறிடுச்சுன்னு யாராச்சும் நினைச்சுப்பாங்க. மிச்சம் இருக்கற பக்கத்த தொடர்ந்து பாருங்க, கூடவே அதே தெருவுல இன்னொரு புங்கனையும் சேத்துக்குங்க.

மாமரத்துல ஒரு பக்கம் மட்டும் செந்துளிர், மறுபக்கம் பழைய இலை. எத போட?

ரெண்டையும்தான் தம்பி. மா அப்படித்தான், பக்கம் பக்கமா துளிர்க்கும். இலை "நிறைய", துளிர் "கொஞ்சம்"னு டிக் பண்ணிட்டு போ, அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபக்கம் இன்னா பண்ணுதுன்னு பாத்துட்டு எனக்கும் சொல்லு.