விழித்திரைத் தடிமன்: ஓசிடி அறிக்கை குறித்த கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி): சர்க்கரை நோயாளியான என் தந்தைக்குத் திருவாரூரில் எடுத்த ஓசிடி ஸ்கேனில் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் சோதனை) விழித்திரையின் நடுத் தடிமன் 262 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குறுவை அறுவடை முடிந்து தஞ்சாவூரில் எடுத்தபோது 284. நோய் முற்றிவிட்டதா ஐயா?

பதில்: இந்த இரண்டு எண்களைக் கொண்டு அப்படிச் சொல்ல இயலாது. ஓசிடி கருவி அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் குறுக்கீட்டிலிருந்து ஒவ்வோர் அடுக்கின் ஆழத்தையும் கணிக்கிறது. விழித்திரையின் அடி எல்லைக் கோட்டை எந்த அடுக்கில் வரைவது என்பதில் கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு என்பதால், மாற்றமே இல்லாத கண்கூட ஒன்றில் பத்து இருபது மைக்ரான் கூடுதலாகத் தெரியலாம். பழைய தலைமுறைக் கருவியோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஐம்பதையும் தாண்டும். எனவே இரண்டு மையங்களிலும் எந்தக் கருவி என்பதை முதலில் கேட்டறியுங்கள். அடுத்து, படத்தைப் பாருங்கள். விழித்திரை நடுவிலுள்ள பள்ளமான நடுக்குழி தட்டையாகி, அடுக்குகளுக்கிடையே கறுப்பு நீர்ப்பைகள் தெரிந்தால் அது வீக்கம்தான். எண் சிறியதாக இருந்தாலும் மருத்துவர் அதைப் பொருட்படுத்துவார். எண் அச்சாகியுள்ள மூலையை மட்டும் கைபேசியில் படமெடுத்து அனுப்புவோரே அதிகம். முழு அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். இனி ஒரே கருவியில் தொடர்வது நல்லது.

கேள்வி (கும்பகோணம்): எனக்கு மைனஸ் எட்டு கண்ணாடி. நரம்பிழை அடுக்கு (பார்வை நரம்பின் இழைகள் விழித்திரையில் பரவியுள்ள அடுக்கு) மெலிந்திருப்பதாக அறிக்கையில் சிவப்பு நிறம் வந்துள்ளது. பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா நோயா?

பதில்: நலமான கண்களின் அளவுத் தொகுப்போடு ஒப்பிட்டே கருவி நிறம் தீட்டுகிறது. உங்களைப் போல் கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்கள் அத்தொகுப்புகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கிட்டப்பார்வையால் நீண்ட கண்ணில் நரம்பிழை அடுக்கு இயல்பாகவே மெல்லியதாக அளவாகும். கண் அழுத்தம், நரம்பு முனையின் தோற்றம், பக்கவாட்டிலும் எவ்வளவு தெரிகிறது என்று அறியும் பார்வைப் புலச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். கிளாக்கோமா முற்றிய கண்ணிலோ அந்த அடுக்கின் தடிமன் சுமார் ஐம்பது மைக்ரானில் நின்றுவிடும். அதன்பின் ஓசிடி மாற்றம் காட்டாததை நோய் நின்றதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

கேள்வி (மயிலாடுதுறை): முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் உட்கொள்கிறேன். பார்வை நன்றாக இருக்கும்போது ஸ்கேன் எதற்கு?

பதில்: அம்மருந்தால் விழித்திரை பாதிக்கப்பட்டால் மீளாது, பார்வை மங்குமுன்பே நடுக்குழியைச் சுற்றி ஒளியுணர் அடுக்கு மெலிவதை ஓசிடி காட்டிவிடும். முதல் ஆண்டுக்குள் ஒரு முறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் எடுப்பது வழக்கம்; சிறுநீரகக் குறைபாடு இருந்தால் முன்னதாகவே தொடங்குவார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் அம்மா.

கேள்வி (நாகப்பட்டினம்): கண்புரை இருந்தால் அளவு சரியாக வருமா?

பதில்: முற்றிய புரை ஒளியை மறைக்கும். சில கருவிகள் சமிக்ஞை வலிமையை, அதாவது திரும்பி வரும் ஒளி எவ்வளவு தெளிவாகப் பதிவானது என்பதை, பத்துக்கு இத்தனை என்று அச்சிடும். ஆறுக்குக் கீழே இருந்தால் அந்தத் தடிமனை நம்பாமல், புரை அகற்றியபின் மீண்டும் எடுத்து, அதையே புதிய தொடக்க அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.