மகளைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பலாமா? மானிப்பாயிலிருந்து எழுதிய தாயாருக்கு ஒரு பதில்

மதிப்புக்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமாவை முடித்த உங்கள் மகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வேலைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் கணக்கு உதவியாளர் பணி; மாதம் 58,000 ரூபாய். மற்றையது கொழும்பில், பிற நிறுவனங்களின் கணக்குகளைச் சரிபார்க்கும் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் உதவியாளர் பணி; மாதம் 70,000 ரூபாய். மகள் கொழும்பை விரும்புகிறார், அவருடைய தந்தையார் எதுவும் சொல்லாமல் இருக்கிறார், உங்களுக்கு நித்திரை இல்லை. "12,000 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்பதற்காகப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காசுக் கணக்கு எளிதில் தீர்ந்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொழும்பில் கூடக் கிடைப்பது 12,000 ரூபாய் அன்று; உண்மையில் அங்கே கையில் மிஞ்சுவது குறைவு. இரண்டு சம்பளத்திலும் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிபடும். எனவே கொழும்பில் கைக்கு வருவது 64,400 ரூபாய், இங்கே 53,360 ரூபாய். கொழும்பில் இன்னொரு பிள்ளையுடன் பகிரும் அறைக்கு 18,000, மூன்று நேரச் சாப்பாட்டுக்கு 27,000, பேருந்துக்கு 5,000, மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போக 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை கணக்கு விளங்குவதற்காக நான் இட்ட தொகைகள். நீங்கள் விசாரித்து அறியும் தொகைகளை அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ளலாம். மொத்தச் செலவு 54,000 ரூபாய், மிச்சம் 10,400. மானிப்பாயிலிருந்து காலையில் உங்கள் கையால் கட்டிய சாப்பாட்டுடன் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்குப் பேருந்துச் செலவு 3,500 போக ஏறத்தாழ 50,000 ரூபாய் மிஞ்சும். ஆக, கொழும்புக்குப் போவதால் உங்கள் குடும்பம் மாதத்துக்கு ஏறத்தாழ 39,500 ரூபாயை இழக்கிறது; ஆண்டுக்கு அது நான்கே முக்கால் இலட்சம் அளவில் வரும்.

இந்தத் தொகையை இழப்பென்று எழுதாமல், மகளின் படிப்புச் செலவென்று எழுதி வைத்துப் பாருங்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல விரும்புவது. அயலில் ஒருவர் தம் பிள்ளையைத் தனியார் பட்டப்படிப்பு ஒன்றுக்கு இதைவிடக் கூடுதலான கட்டணம் கட்டி அனுப்பினால் எவரும் வியப்படைவதில்லை. வேலை என்ற பெயரில் போகும்போது மட்டும் நாங்கள் சம்பளத்தை மட்டுமே பார்க்கிறோம். ஆண்டுக்கு நான்கே முக்கால் இலட்சம் கொடுத்து உங்கள் மகள் எதை வாங்கப் போகிறார் என்பதைப் பொறுத்தே போவதும் நிற்பதும் அமைய வேண்டும்.

அவர் வாங்கக்கூடியது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்காய்வு வேலை என்றால் கண்ணாடி அறையில் இருந்து கணினியைத் தட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் நாட்டில் பெரும்பாலான கம்பனிகளின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களில் சிலவும் டிசம்பர் 31இல் முடிக்கின்றன. அந்த நாட்களில் கணக்காய்வு உதவியாளர்கள் களஞ்சியங்களில் நின்று மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணி இருப்புக் கணக்கெடுப்பைச் சரிபார்ப்பார்கள். பிறகு வவுச்சர், வங்கிக் கணக்கை நிறுவனத்தின் ஏட்டோடு ஒப்பிடும் வங்கி இணக்கக் கூற்று, கடன்பட்டோரின் உறுதிப்படுத்தல் கடிதம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஓர் ஆண்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஒரு ஹோட்டல், ஒரு மருந்து இறக்குமதியாளர், ஓர் ஆடைத் தொழிற்சாலை என்று நாலைந்து வகைத் தொழில்களின் பேரேடுகளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு அந்த வயதில் வேறெந்த வேலையிலும் எளிதில் கிடைப்பதில்லை. நிதி நிறுவனக் கிளையின் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தவணைப் பணம் கட்ட வரும் மனிதரோடு பேசவும், நாள் முடிவில் காசுப் பெட்டியை ஒரு சதம் பிசகாமல் ஒப்படைக்கவும் அங்கே பழகலாம். ஆனால் அந்த மேசையில் கற்க வேண்டியதை உங்கள் மகள் ஓராண்டுக்குள் கற்றுவிடுவார். இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் முதலாம் ஆண்டைப் போலவே இருக்கக்கூடும்.

எனினும், மேலே சொன்னதெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. உங்கள் மகள் பட்டயக் கணக்காளர் பரீட்சைகளுக்கும் தோற்ற எண்ணியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தகைமைக்குப் பரீட்சைகள் மட்டும் போதா. பட்டயக் கணக்காளர் கழகம் ஏற்றுக்கொண்ட நிறுவனம் ஒன்றில், முறையாகப் பதிவு செய்த செய்முறைப் பயிற்சியும் வேண்டும். ஆகவே கொழும்பு நிறுவனத்திடம் மகள் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். உங்கள் நிறுவனம் பயிற்சி வழங்குவதற்குக் கழகத்தின் அனுமதி பெற்றதா, என்னைப் பயிற்சி ஒப்பந்தத்தில் பதிவு செய்வீர்களா என்பது முதலாவது. எந்த வகை வாடிக்கையாளர்களின் கணக்காய்வில் என்னை ஈடுபடுத்துவீர்கள் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு "பிறகு பார்ப்போம்" என்ற பதில் வந்தால், அது பயிற்சி அன்று, வெறும் வேலை. அதற்காக ஆண்டுக்கு நான்கே முக்கால் இலட்சத்தைக் கொடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

உங்கள் கடிதத்தில் இல்லாத மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலேயே பட்டயக் கணக்காளர்கள் நடத்தும் கணக்காய்வு அலுவலகங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலைகளை இணைய வழியாகச் செய்து கொடுக்கும் அலுவலகங்களும் அண்மைக் காலத்தில் வந்திருக்கின்றன. மகள் அவற்றில் எங்கேயாவது விண்ணப்பித்துப் பார்த்தாரா? இல்லையென்றால் ஒரு வாரத்தைச் செலவழித்து நாலு கதவுகளைத் தட்டிவிட்டு வரட்டும். அதே பயிற்சி இங்கே கிடைத்தால் இந்தக் கடிதத்தின் மிகுதியை நீங்கள் வாசிக்கத் தேவையில்லை. வாடிக்கையாளர்களின் வகையும் எண்ணிக்கையும் கொழும்பில் கூடுதலாகத்தான் இருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டிலிருந்து கொண்டே முதல் ஓராண்டை முடித்துவிட்டுப் பிறகு கொழும்புக்கு மாறுவதும் நல்ல வழியே.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கொழும்பு என்றவுடன் உங்களுக்கு நெஞ்சு பதறுவதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். 1983 ஆடிக் கலவரத்தைக் கண்டவர்களும், 1990இல் புகையிரதம் நின்றுபோனபின் பயணத்துக்குப் பட்ட பாட்டை அனுபவித்தவர்களும், 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோது அந்தப் பக்கம் அகப்பட்ட பிள்ளைகளுக்காக இந்தப் பக்கம் அழுதவர்களும் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். எங்கள் தலைமுறைக்குக் கொழும்பு என்பது போனால் எப்போது திரும்பலாம் என்று தெரியாத ஓர் இடம். உங்கள் மகளுக்கு அப்படியன்று. 2014 ஒக்டோபரில் யாழ்தேவிப் புகையிரதம் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வெள்ளி இரவு கொழும்பில் பேருந்து ஏறினால் சனி விடியற்காலை வீட்டில் தேநீர் குடிக்கலாம் என்பதுதான் அவர் அறிந்த தூரம். ஒரே ஊரைப் பற்றி நீங்கள் இருவரும் இரண்டு வேறு நினைவுகளை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். இதை அவரிடம் ஒரு நாள் மாலையில் ஆறுதலாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் மறுப்பு மட்டும் தெரிகிறது, அதன் காரணம் தெரிவதில்லை.

பழைய பயத்தை ஒதுக்கி வைத்தாலும் இன்றைய கவலைகள் சில நியாயமானவை. அவற்றில் முதலாவது அறை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கள் ஆட்கள் நிறைய இருப்பதால் அங்கேதான் அறை வேண்டும் என்று பெற்றோர் நிற்பார்கள். சாப்பாடு, கோயில், தெரிந்த முகம் என்ற வகையில் அது சரிதான். ஆனால் அலுவலகம் இராஜகிரியவிலோ மாலபேயிலோ இருந்தால், காலி வீதியிலிருந்து காலை நெரிசலில் இரண்டு பேருந்து மாறிப் போய் வருவதிலேயே பிள்ளையின் நாளில் மூன்று மணித்தியாலம் கரைந்துவிடும், பரீட்சைக்குப் படிக்க நேரம் இராது. ஆகவே அலுவலகம் எங்கே என்று முதலில் பாருங்கள், அதன் பிறகு அறையைத் தேடுங்கள். அறையை நேரில் பாராமல் காசு கட்டவும் வேண்டாம். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன்: முதல் வேலைக்காகக் கொழும்பு போன காலத்தில், தெரிந்தவர் ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பி ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்தேன். யன்னல் இல்லாத அந்த அறையில் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. மிகுதிக் காசு இன்றுவரை திரும்பவில்லை. நீங்களோ தந்தையாரோ மகளுடன் ஒரு தடவை போய், மாலை ஏழு மணிக்குப் பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து அந்த வீட்டு வாசல் வரை நடந்து பாருங்கள். பகலில் பார்த்த ஒழுங்கை இரவில் வேறாகத் தெரியும்.

இரண்டாவது மொழி. அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழிதான். ஆனால் தொழிற்சாலைக் களஞ்சியப் பொறுப்பாளர் மூட்டை எண்ணிக்கையைச் சிங்களத்தில்தான் சொல்வார். அறிக்கை ஆங்கிலத்தில் போகும். எங்கள் பிள்ளைகள் பாடத்தில் கெட்டிக்காரராக இருந்தும் முதல் ஆறு மாதத்தில் ஒதுங்கிப் போவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுவே. வேலை தொடங்கும்வரை உள்ள வாரங்களில், எண்களும், கேள்வி கேட்கும் முறையும், பேருந்தில் இறங்குமிடம் கேட்பதும் வருமளவுக்காவது பேச்சுச் சிங்களத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

நியமனக் கடிதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 70,000 ரூபாயில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம், எவ்வளவு நிபந்தனைக்குட்பட்ட கொடுப்பனவு என்று பாருங்கள். தொழில் வழங்குனர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் தம் பங்காகச் செலுத்த வேண்டும். அது முதல் மாதத்திலிருந்தே தொடங்குமா, தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்பதைக் கேளுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். மார்ச் முடிந்தபின் வரும் மாதங்களில் கணக்காய்வு நிறுவனங்களில் நேரம் நீளும் என்பதால், பிந்தினால் வீடு திரும்ப வாகன ஒழுங்கு உண்டா என்று மகள் கூசாமல் கேட்க வேண்டும். இடையில் விலகினால் காசு கட்ட வேண்டும் என்று ஏதேனும் பிணைமுறி இருந்தால், அதைக் கையெழுத்திட முன் என்னிடம் கொண்டு வாருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் லீவு கேட்கலாம் என்று எண்ண வேண்டாம், தேருக்கும் தீர்த்தத்துக்கும் வந்து போனாலே பெரிய விடயம்.

அரச நியமனத்துக்காக வீட்டில் காத்திருக்கட்டும் என்று உங்கள் அண்ணர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைக் கொழும்பிலிருந்தும் பார்க்கலாம், விண்ணப்பத்தை அங்கிருந்தும் அனுப்பலாம். வேலை ஒன்றும் இல்லாமல் வீட்டில் கழியும் இரண்டு ஆண்டுகளே இந்தக் கணக்குகளில் எல்லாம் மிகவும் செலவு கூடியவை. கலியாணப் பேச்சைப் பற்றி அயலவர் கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் மகள், நானல்லன்.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். பயிற்சிப் பதிவு உறுதியென்றால் அனுப்புங்கள். ஆனால் "போய்ப் பார்க்கட்டும்" என்று முடிவில்லாமல் அனுப்ப வேண்டாம். இரண்டு ஆண்டு என்று வீட்டில் எல்லோரும் அறியப் பேசி வையுங்கள். ஆறாம் மாதத்தில் ஒரு தடவை இருந்து பேசுங்கள்: எந்தெந்தத் தொழில்களின் கணக்கைப் பார்த்தார், எத்தனை பாடம் எழுதினார், உடம்பு எப்படி இருக்கிறது என்று. இவற்றுக்கு நல்ல பதில் இல்லையென்றால் திரும்பி வரலாம் என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சிப் பிடிக்காத இடத்திலேயே கிடந்து மெலிந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். திரும்பி வரும் செலவுக்காக, மூன்று மாதச் செலவுக்குப் போதுமான தொகையை மகளின் பெயரில் வங்கியில் போட்டு, அதைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கொழும்பு நிறுவனம் பத்து நாளில் பதில் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேலதிகமாக ஒரு வாரம் தரும்படி மகள் இன்றே பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும், பெரும்பாலும் கொடுப்பார்கள். பிறகு சனிக்கிழமை காலையில் இரண்டு நியமனக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு மூவரும் என் அலுவலகத்துக்கு வாருங்கள். முதல் அரை மணித்தியாலம் மகளுடன் மட்டும் பேசுவேன், அதற்கு நீங்கள் குறை நினைக்கக் கூடாது. அதன்பின் தந்தையாரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அவரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள்.