டோட்டல் லாஸ் ஆன கார்: ஆர்.சி.யோடு சேர்த்துக் கேட்கும் வியாபாரிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மூன்றரை வருஷம் ஓடிய 1,197 சிசி கார். ஜி.எஸ்.டி. சாலையில் விபத்தாகி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. பாலிசியில் ஐ.டி.வி. (வண்டிக்குக் குறித்திருக்கும் காப்பீட்டு மதிப்பு) 4,80,000 ரூபாய். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 4,10,000. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் ‘டோட்டல் லாஸ்’ என்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனி 3,10,000 தருமாம். உடைந்த வண்டியை 1,30,000-க்கு எடுக்க ஆள் இருக்கிறதாம். அந்த ஆள் ஆர்.சி.யையும், கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களையும் கேட்கிறார். பேங்கில் 2,20,000 கடன் பாக்கி. சம்மதிக்கலாமா? - வாசகர், செங்கல்பட்டு

பதில்: படிவங்களில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

29-ம் 30-ம் வண்டியைப் பெயர் மாற்றும் படிவங்கள். வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், யார் பெயருக்கு வேண்டுமானாலும் அவர் மாற்றலாம்; மாற்றாமலே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். நொறுங்கிய இரும்புக்கு 1,30,000 எதற்காகத் தருகிறார்? ‘ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு வண்டியை மட்டும் தருகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். விலை எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவும் உங்கள் ஆர்.சி.க்கான விலை. அதே மாடல், அதே நிறத்தில் திருடிய காரில் உங்கள் சேசிஸ் எண்ணைப் பதித்து ஓட்டுவது பழைய தொழில். அந்தக் கார் நாளைக்கு ஒருவர்மேல் மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. ‘எப்பவோ வித்துட்டேன் சார்’ என்று வெள்ளைத்தாள் ரசீதை நீட்டினால் எடுபடாது.

இனி பணம். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். உங்களுக்கு அந்தக் கோடு 3,60,000. சர்வேயரே ஒப்புக்கொண்டதால் அதில் வழக்கு இல்லை. டோட்டல் லாஸில் ஐ.டி.வி.க்கு மேல் இன்னொரு முறை தேய்மானம் கழிக்கக் கூடாது. ‘மார்க்கெட்டில் இந்த வண்டி இப்போ நாலு லட்சம்தான் போகும்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. பாலிசி காலம் முழுக்க ஐ.டி.வி.தான் மார்க்கெட் விலை. 1,500 சிசி வரையுள்ள காருக்கு, கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். பாலிசி எடுக்கும்போது நீங்களாகக் கூடுதல் கழிவுக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால், மிச்சம் 4,79,000.

பாலிசி வாசகம் ‘ஐ.டி.வி.யில் உடைந்த வண்டியின் மதிப்பு போக’ என்றிருக்கும். அதனால் தகராறு முழுக்க அந்த மதிப்பில்தான். 4,79,000-ல் 3,10,000 போனால் 1,69,000. அதாவது உங்கள் சால்வேஜுக்கு, உடைந்த வண்டிக்கு, கம்பெனி போட்டிருக்கும் விலை 1,69,000. கைக்கு வருவதோ 1,30,000. நடுவில் 39,000 எங்கே? இதை வாயால் கேட்காதீர்கள், கம்பெனிக்கு மெயில் போடுங்கள்: “சால்வேஜுக்கு 1,69,000 என்று விலை கொடுத்தவர் யார்? அந்த விலைக்கு அவரே எடுக்கட்டும். இல்லையென்றால் வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொண்டு 4,79,000-ஐக் கொடுக்கட்டும். சர்வே அறிக்கையின் நகலும் வேண்டும்.” ஆர்.சி.யோடு ஒரு விலை, ஆர்.சி. இல்லாமல் ஒரு விலை என்று இரண்டு கொட்டேஷன் வாங்குவது இந்தத் தொழிலில் வழக்கம். ஆர்.சி. ரத்தாகப் போகிறது என்றால் ஆர்.சி. இல்லாத விலையைத்தான் கழிக்க வேண்டும் என்றும் அதே மெயிலில் எழுதுங்கள். இரண்டு வரி மெயிலுக்கே பல இடங்களில் கணக்கு மாறிவிடும்.

பணம் முதலில் பேங்குக்குப் போகும். 4,79,000 முழுதாக வந்தால், 2,20,000 போக 2,59,000 உங்களுக்கு. கிளெய்ம் முடியும்வரை இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள், வண்டி நொறுங்கியது பேங்குக்கு ஒரு காரணமே இல்லை, சிபில் ஸ்கோர் அடிவாங்கும்.

ஆர்.சி. ரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. வண்டி இனி ஓடாது என்றானதும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கேதான் முக்கோணக் கூத்து. ரத்துச் சான்று வந்தால்தான் பணம் என்பார் கம்பெனிக்காரர். பேங்கின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லைச் சான்று), ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் 35-ம் படிவமும் இல்லாமல் ரத்து செய்யமாட்டோம் என்பார் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க். பணம் வராமல் என்.ஓ.சி. கிடையாது என்பார் பேங்க் மேனேஜர். மூன்று பேரும் அவரவர் விதிப்படி சரி, அலைவது நீங்கள். வழி ஒன்றுதான்: கிளெய்மை ஏற்றுக்கொண்டோம், இந்தத் தொகையை நேரே கடன் கணக்கில் செலுத்துகிறோம் என்று பேங்க் பெயருக்குக் கம்பெனியிடம் கடிதம் வாங்குங்கள். அதைக் காட்டி பேங்கிடம் நிபந்தனையோடு கூடிய என்.ஓ.சி. கேளுங்கள். ரத்தானதும், வாழ்நாள் வரியில் மீதி திரும்ப வருமா என்று அதே ஆபீஸில் எழுத்தில் கேளுங்கள். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப் நாள் வாடகை கேட்கும். வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனிக்கு இன்றே மெயில் அனுப்பினால், தாமதம் யாருடையது என்பதற்கு அந்தத் தேதி சாட்சி. டோவிங்குக்குச் சாதாரண பாலிசியில் 1,500 ரூபாய்தான் உச்சம்.

கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தரவில்லை, தந்த பதில் சரியில்லை என்றால், பாலிசிதாரர் புகார்களை விசாரிக்கும், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 39,000-ஐ மீட்டுத் தருகிறேன், பாதி கொடு என்று வரும் ‘கிளெய்ம் கன்சல்டன்ட்’ அங்கே செய்யும் ஒரே வேலை உங்கள் மனுவைத் தட்டச்சு செய்வதுதான்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் கவர் இருந்தால் மட்டும் மேலே சொன்ன கணக்கு மாறும். ஐ.டி.வி.க்குப் பதில் வண்டி வாங்கிய பில் தொகை வரும். பல பாலிசிகளில் சாலை வரியும் பதிவுச் செலவும் சேரும். ஆனால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்குத்தான் தருகிறார்கள். வண்டியின் முதல் உரிமையாளராக இருக்க வேண்டும். டோட்டல் லாஸ் அல்லது திருட்டு என்றால்தான் செல்லும்; 70 சதவீதம் நொறுங்கினால் சல்லிக்காசு கூடுதலாக வராது. பில் என்றால் டிஸ்கவுண்ட் போன பிறகான பில். உங்கள் வண்டி மூன்று வருஷத்தைத் தாண்டிவிட்டது என்றாலும் பாலிசி அட்டவணையை ஒருமுறை பாருங்கள், சில கம்பெனிகள் ஐந்து வருஷம்வரை தருகின்றன. அடுத்து புது வண்டி எடுத்தால் முதல் நாளே இதைப் போடுங்கள்.

இந்தக் கிளெய்மோடு உங்கள் 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விட்டது. அடுத்த வண்டிக்கு அதைக் கொண்டுபோகலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். பொய்யாக எழுதிச் சலுகை வாங்கினால், அடுத்த கிளெய்மில் அது வெளியே வரும்.

2,59,000-க்குப் பழைய வண்டிதான் எடுப்பீர்கள் என்றால், இதேபோல் டோட்டல் லாஸ் ஆகி ஒட்டுப்போட்ட வண்டி உங்களிடமே வரக்கூடும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பதித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். சுற்றிலும் அரத்தால் ராவிய தடமோ புது பெயின்டோ இருந்தால் விடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டியின் சேறு அங்கே ஒட்டியிருக்கும். வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விற்றவர் பெயரிலேயே கிடந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது.