இந்தியில் எழுதும் தமிழ்ப் பெண்ணுக்கு எதற்கு 16 லட்சம் கடன்?

டெல்லி ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் போன ஞாயிற்றுக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அங்கிருக்கும் முருகன் கோயிலான மலை மந்திரில் சாமி கும்பிட்ட கையோடு நேராக வந்துவிட்டார்கள். அம்மாவின் கையில் விபூதிப் பொட்டலம், அப்பாவின் கையில் தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் வழவழப்பான கையேடு. பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறந்தது, வளர்ந்தது எல்லாம் டெல்லி. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல். மதிப்பெண் நன்றாகவே வரும். ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்து அவள் விடாமல் செய்து வருவது இந்தியில் கதை எழுதுவதுதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் இந்தி படிக்க வேண்டும், அப்புறம் தொடர்களுக்கு எழுத வேண்டும் என்கிறாள். திருச்சியில் இருக்கும் பெரியப்பா போனில் கேட்டாராம்: "இந்திக்காரனுக்கே வேலை இல்லாத ஊர்ல, இந்தி படிச்ச நம்ம பொண்ணுக்கு யாரு வேலை குடுப்பா?" அந்தக் கல்லூரியைச் சொன்னதும் அவர்தான். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 ரூபாய் முன்பணம் கட்டினால் இடம் உறுதி.

அம்மா அழுதுவிட்டார். முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பிறகு அந்தக் கையேட்டை வாங்கிக் கட்டணப் பக்கத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்கு வருடத்துக்கு விடுதியோடு 16 லட்சம். அப்பாவிடம் சேமிப்பு என்று பெரிதாக இல்லை, முழுக்கக் கடன். 10 சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்று வைத்தாலே மாதம் சுமார் 26,500 ரூபாய் வரும். படிக்கிற காலத்து வட்டி இதில் சேரவில்லை. இந்தத் தவணை தலைமேல் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணால் பிடிக்காத வேலையை விட முடியாது, குறைந்த சம்பளத்தில் பிடித்த வேலையையும் தொட முடியாது. கம்ப்யூட்டரில் அவளுக்கு உண்மையான ஆசை இருந்திருந்தால் நானே உங்களோடு வங்கிக்கு வந்திருப்பேன், சார். இங்கே ஆசை பெரியப்பாவுக்கு. கடன் உங்களுக்கு, நான்கு வருடம் அவளுக்கு. இதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்பா விடவில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டு டி.வி.யில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடரைப் பார்த்து வளர்ந்தவர் அவர். "அதை எழுதினவரே பி.எஸ்சி. படிச்சவர்தானே மேடம்? முதல்ல ஒரு கெட்டியான டிகிரி, அப்புறம் எழுதட்டுமே" என்றார். நியாயமான கேள்வி. அந்த மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாலே பதில் கிடைக்கும்.

'ஹம் லோக்' எழுதிய மனோகர் ஷ்யாம் ஜோஷி 1933-ல் அஜ்மீரில் ஒரு குமாவுனிக் குடும்பத்தில் (இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதிக்காரர்கள்) பிறந்தவர். லக்னோ பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி. மாணவராக இருந்தபோதே 'நாளைய விஞ்ஞானி' என்ற பொருளில் ஒரு பட்டமும் வாங்கியவர். அந்த விஞ்ஞானி வரவே இல்லை. கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியர், கொஞ்ச நாள் குமாஸ்தா, கொஞ்ச நாள் வேலையே இல்லை. 21 வயதிலிருந்து பேனாதான் சோறு போட்டது. பத்திரிகை, வானொலி, ஆவணப்படம், விளம்பரம் என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. விளையாட்டைப் பற்றியும் எழுதினார், தத்துவத்தைப் பற்றியும் எழுதினார். 'சாப்தாஹிக் ஹிந்துஸ்தான்' வார இதழின் ஆசிரியராக இருந்தார். முதல் நாவல் 'குரு குரு ஸ்வாஹா' 1980-ல் வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். 'ஹம் லோக்' 1984 ஜூலையில் தொடங்கியபோது ஐம்பதைத் தொட்டுவிட்டார். அதற்கு அடுத்து வந்த 'புனியாத்'தும் அவர் எழுத்துதான்.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பி.எஸ்சி. அவருக்கு எந்தக் கதவையும் திறக்கவில்லை. அதே நேரம் 16 லட்சம் கடனாக அவர் கழுத்தைப் பிடிக்கவும் இல்லை. குமாஸ்தா வேலையை உதறிவிட்டு வர முடிந்ததற்கு அது ஒரு காரணம். இரண்டாவது, எழுத்தை அவர் ஓய்வு நேரத்துக்கு ஒதுக்கி வைக்கவே இல்லை. வயிற்றுப்பாட்டுக்கே எழுதினார். "வேலைக்குப் போய்க்கிட்டே எழுதலாமே" என்கிற வீடுகளில், வேலை இருக்கிறது, எழுத்து இருப்பதில்லை. அப்படி எழுத்தை விட்டவர்களை முப்பது வயதில் இதே நாற்காலியில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன்.

'ஹம் லோக்' 17 மாதத்தில் 150-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்பது. அதுவும் தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் தூக்கலாகி, மக்களிடம் எடுபடவில்லை. முதல் 13 அத்தியாயங்களுக்குப் பிறகு பிரச்சாரத்தைக் குறைத்துக் குடும்பக் கதையை முன்னால் கொண்டுவந்தார்கள். வேலை தேடி அலையும் லல்லு, நடிகையாக வேண்டும் என்று பம்பாய்க்குப் போகும் மஜ்லி, டாக்டராக ஆசைப்படும் சுட்கி. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் தோன்றிப் பேசிய நடிகர் அசோக் குமாருக்கு வந்த கடிதங்கள் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல். ஓடிக்கொண்டிருக்கும் தொடரை ஓடும்போதே திருத்தி எழுதுவது மூன்று மாதப் பயிற்சியில் வருகிற காரியம் இல்லை. இருபது முப்பது வருடப் பத்திரிகை உழைப்பு அந்தக் கையில் இருந்தது.

அப்போது அம்மா மெல்லக் கேட்டார்: "ஆனா அவங்களுக்கு அது தாய்மொழி. நாங்க வீட்டுல தமிழ்தானே பேசறோம்?"

ஜோஷி வீட்டின் மொழி குமாவுனி, அம்மா. அவருடைய 'கஸப்' நாவலின் தலைப்பே குமாவுனிச் சொல், 'யாருக்குத் தெரியும்' என்று பொருள். வீட்டு மொழியை அவர் மறைக்கவில்லை, அதையே இந்திக்குள் கொண்டுவந்து ஊற்றினார். அதைவிட நெருக்கமாக ஒருவரைச் சொல்கிறேன். ராங்கேய ராகவ் என்று இந்தி இலக்கியத்தில் பெரிய பெயர். 1923-ல் ஆக்ராவில் பிறந்த தமிழ் வம்சாவளிக்காரர். முழுப்பெயர் திருமலை நம்பாக்கம் வீரராகவ ஆச்சார்யா. 1962-ல், 39 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குள் எழுதிக் குவித்தது ஓர் அலமாரி கொள்ளாது. அவருடைய ஒரு நாவல் பின்னால் தூர்தர்ஷன் தொடராகவும் வந்தது. உங்கள் பெண்ணுக்கு முன்னால் பாதை போட்டவர் இருக்கிறார்.

பி.டெக்., சி.ஏ., யு.பி.எஸ்.சி. பற்றி நான் பேசப்போவதில்லை. அதைச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று, இரண்டு மொழிக்கு நடுவில் நின்று வசனம் எழுதும் வேலை. தமிழ்ப் படங்களும் தொடர்களும் இந்தியில் டப் ஆகின்றன, கதை உரிமை வாங்கி மறுபடி எடுக்கப்படுகின்றன. இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்து, இந்தியில் எழுதவும் தெரிந்தவர் மிகக் குறைவு. கமல்ஹாசன் 2000-ல் 'ஹே ராம்' எடுத்தபோது இந்தி வசனத்துக்குப் போனது யாரிடம்? இதே ஜோஷியிடம்தான்.

இது மொழிபெயர்ப்பு இல்லை. நேர் மொழிபெயர்ப்பை இப்போது இயந்திரமே செய்து கொடுத்துவிடும், அதை நம்பி ஒரு பிள்ளையை அனுப்ப மாட்டேன். டப்பிங் வசனத்தில் உதடு ஒரு கணக்கு. முகத்தை அருகில் காட்டும் ஷாட்டில் ஒருவன் "போ!" என்கிறான். நேர் இந்தி 'ஜா'. ஆனால் 'போ'வுக்கு உதடு மூடித் திறக்கிறது, 'ஜா'வுக்கு மூடாது. எழுதத் தெரிந்தவர் 'பாக்' (ஓடு) என்று போடுவார். உதடும் மூடும், ஓரசையும் ஆகும், கோபமும் குறையாது. நீளம் இன்னொரு கணக்கு. "வந்துட்டிருக்கான்" என்று வாய் அசையும் இடத்தில் "ஆ ரஹா ஹை" என்று முடித்துவிட்டால் மிச்சம் அசையும் உதட்டுக்கு என்ன கொடுப்பது? ஒரு நன்மை, இரண்டு மொழியிலும் வினைச்சொல் கடைசியில் வருகிறது. நடிகர் கடைசிச் சொல்லில் முகம் மாறினால் இந்தியிலும் அதே இடத்தில் விஷயம் உடையும். ஆங்கிலத்திலிருந்து எழுதுகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே பெண்ணுக்கு ஒரு சின்னக் காட்சி கொடுத்தேன். பத்து வருடம் வீட்டை விட்டுப் போயிருந்த அப்பா திரும்பி வந்து வாசலில் நிற்கிறார். மகள் தமிழில் "சாப்பிட்டீங்களா?" என்கிறாள். இந்தியில் எழுது என்றேன். அவள் நோட்டைத் திருப்பி ஏதோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதி நீட்டினாள். 'ஆப்னே' (நீங்கள்) என்று எழுதி அடித்திருந்தது. 'தும்னே' (நீ) என்று எழுதி அதையும் அடித்திருந்தது. கீழே இரண்டே சொல்: "கானா காயா?" (சாப்பாடு சாப்பிட்டாச்சா?)

"ஏன் அடிச்சே?"

"அவரை எப்படிக் கூப்பிடறதுன்னு அவளுக்கே தெரியல ஆன்ட்டி. அதான் விட்டுட்டேன்."

தமிழில் அந்த மகளுக்கு ஒளிய இடம் இல்லை. 'சாப்பிட்டியா' என்றோ 'சாப்பிட்டீங்களா' என்றோ வினைச்சொல்லே காட்டிக் கொடுத்துவிடும். இந்தியில் 'காயா' உணவோடு ஒட்டிக்கொள்ளும், எதிரில் நிற்பவர் 'தூ'வா (உரிமையோடு நீ), 'தும்'மா, 'ஆப்'பா என்று சொல்லாது. இந்தப் பதினெட்டு வயதுப் பெண் அதைப் பிடித்துவிட்டாள், சார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பதில் எனக்கு வந்ததில்லை.

சரி, வழி என்ன? சி.யூ.இ.டி. என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வுக்கு அவள் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறாள், இந்தித் தாளையும் சேர்த்து. அறிவியல் பிரிவு தடையில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் இந்தி. கிடைக்காவிட்டால் ராம்லால் ஆனந்த், பீம்ராவ் அம்பேத்கர் போன்ற கல்லூரிகளில் இருக்கும் இந்திப் பத்திரிகையியல் ஹானர்ஸ். என்னைக் கேட்டால் இரண்டாவதையே முதலில் போடுவேன், கெடுவுக்குள் எழுதும் பழக்கம் அங்கேதான் வரும். வீட்டிலிருந்து மெட்ரோவில் போய் வரலாம். கட்டணம் ஆயிரத்தில்தான், லட்சத்தில் இல்லை. மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரலாம். அதன் பிறகும் இதே ஆசை இருந்தால் புனே திரைப்படக் கல்லூரியான எஃப்.டி.ஐ.ஐ.யில் திரைக்கதை, கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியான எஸ்.ஆர்.எஃப்.டி.ஐ.யில் மின்னணு ஊடகத்துக்கான எழுத்து. இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள், நுழைவுத்தேர்வு உண்டு. 'மூன்றே மாதத்தில் திரைக்கதை எழுத்தாளர்' என்று லட்சங்களில் வசூலிக்கும் இடங்களின் பக்கமே போக வேண்டாம்.

வேலையின் கரடுமுரடையும் சொல்லிவிடுகிறேன். இந்தித் தொடரில் கதை, திரைக்கதை, வசனம் மூன்றையும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். புதிதாக வருபவர் வசனத்தில் உதவியாளராக நுழைவதுதான் வழக்கம். பணம் அத்தியாயக் கணக்கில். கைக்கு வர மூன்று மாதம் ஆவது சாதாரணம். வியாழக்கிழமை டி.ஆர்.பி. வந்ததும் கதையின் போக்கு மாறும், எழுதிக் கொடுத்ததெல்லாம் குப்பைக்குப் போகும், இரவோடு இரவாக மறுபடி எழுத வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடம் வருமானம் ஒழுங்காக இருக்காது. இந்த வருடங்களைத் தாண்டத்தான் கடன் இல்லாத தலை வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த 16 லட்சத்துக்கு நீங்கள் கட்டவிருந்த தவணையில் பாதியை இந்த மூன்று வருடத்தில் அவள் பெயரில் போட்டு வையுங்கள். மும்பையில் வாடகைக்கு ஆகும்.

இன்னொன்று, மும்பையில் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் இருக்கிறது, எஸ்.டபிள்யூ.ஏ. என்பார்கள். அதில் உறுப்பினராகி, எழுதியதை யாரிடமும் காட்டும் முன் இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, திரையரங்குக்கு வெளியே படைப்பு பயன்படும்போது எழுதியவருக்குச் சேர வேண்டிய ராயல்டியை யாரும் மொத்தமாக எழுதி வாங்கிவிட முடியாது. ஒப்பந்தத்தை வரி வரியாக வாசிக்கப் பழக வேண்டும். அப்பா அரசாங்கக் கோப்பு பார்த்தவர், இதை மகளுக்கு அவரே கற்றுத் தரலாம்.

பெண்ணுக்கும் நிபந்தனை உண்டு. நோட்டு முழுக்கத் தொடக்கங்கள் இருக்கின்றன, முடிந்த கதை மூன்றுதான். நான் எண்ணிப் பார்த்தேன். பட்டம் முடிவதற்குள் பன்னிரண்டு கதைகள் முடிய வேண்டும், அதில் பாதியாவது பத்திரிகைகளுக்குப் போய் வர வேண்டும், திரும்பி வந்தாலும் பரவாயில்லை. தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுகிறாள். பேச்சு மட்டும் போதாது. வாரம் ஒரு தமிழ்க் கதை அம்மாவோடு உட்கார்ந்து வாசிக்கட்டும். தமிழ் போனால் அவளுடைய பாதிச் சொத்து போகும். பட்டம் முடியும் முன் மும்பைக்கு ரயில் ஏறக் கூடாது. இதில் நான் பெற்றோர் பக்கம்.

பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன், எண்ணைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை அந்த 50,000 ரூபாயைக் கட்டாதீர்கள், சார். தேர்வு முடிந்த மறுவாரம் மூவரும் வாருங்கள். அந்த வாசல் காட்சியை அவள் முழுதாக எழுதிக்கொண்டு வரட்டும். அப்பா என்ன பதில் சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருக்கிறது.